அகமெம்னன் வீட்டுக் கொடிவழி: பென்சிலோடு தொடங்குங்கள்

முதல் முறை அகமெம்னனின் குடும்பத்தை நான் வரைந்தது, கிழித்த மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில். உச்சியில் தேவர்களுக்கெல்லாம் அரசனான சீயஸின் பெயரைப் பேனாவால் எழுதி, அதன் கீழே டாண்டலஸ், அதன் கீழே பெலாப்ஸ் என்று இறங்கிக்கொண்டே வந்தேன். நான்காம் தலைமுறைக்கு வருவதற்குள் அடித்தல் திருத்தல்களால் தாள் கறுத்துவிட்டது. அகமெம்னனுக்கு இரண்டு தகப்பன்மார். அவனைக் கொன்றவனுக்கோ தகப்பனும் தாய்வழித் தாத்தாவும் ஒரே ஆள். டாண்டலஸ் என்ற பெயர் நான்கு இடத்தில் வந்தது. ஒரு நூலில் பலி கொடுக்கப்பட்ட மகள் இன்னொரு நூலில் கல்யாணப் பேச்சில் இருந்தாள். தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, சில மாதங்கள் கழித்து வேறு வழியில் மறுபடி தொடங்கினேன். அந்த இரண்டாவது வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிரேக்கப் புராணத்தில் ஒரே ஒரு அரச குடும்பத்தைத் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிராய் மீது படையெடுத்த கிரேக்கர்களின் தலைவன், மைசீனியின் மன்னன் அகமெம்னன். அவன் வீட்டிலிருந்து ஒலிம்பியா, கிரீட், ஸ்பார்ட்டா, தீப்ஸ், ஏதென்ஸ் என்று எல்லாத் திசைக்கும் வாசல்கள் திறக்கின்றன.

1. தாளும் ஒரே ஒரு விதியும்

அகலமான தாள் ஒன்று, பென்சில், ரப்பர். பேனா வேண்டாம். தாளின் மூலையில் ஒரு சிறு குறியீட்டுப் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்: ஹோ என்றால் ஹோமர், பி என்றால் பிண்டார், ஈ என்றால் ஈஸ்கிலஸ், சோ சோஃபோக்ளிஸ், யூ யூரிப்பிடிஸ் (மூவரும் நாடகாசிரியர்கள்), அ அப்போலோடோரஸ், பௌ பௌசானியாஸ். படிக்கப் படிக்க இன்னும் சிலர் வந்து சேருவார்கள்.

விதி இதுதான்: ஒரு கோடு போட்டால், அந்த உறவைச் சொன்னவரின் எழுத்தை அந்தக் கோட்டின் மேலேயே போட வேண்டும். எழுத்து இல்லாத கோடு தாளில் இருக்கக் கூடாது.

கிரேக்கர்களுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே மூலநூல் கிடையாது. ஹோமரின் காவியங்களான இலியட், ஒடிசி இரண்டும் ஏறத்தாழ கி.மு. 8ஆம் நூற்றாண்டில் உருவானவை. ஈஸ்கிலஸ் இந்தக் குடும்பத்தை ஏதென்ஸ் மேடையில் ஏற்றியது கி.மு. 458இல். அப்போலோடோரஸின் பெயரில் நமக்குக் கிடைக்கும் புராணக் கையேடு கிறிஸ்துவுக்குப் பிந்தியது. பௌசானியாஸ் ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெடுத்தது கி.பி. 2ஆம் நூற்றாண்டில். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் ஒரு கதை பல வாய்களில் புழங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கலைக்களஞ்சியங்கள் இத்தனை வாய்களையும் ஒன்றாகத் தைத்து ஒரே கதையாகக் கொடுத்துவிடுகின்றன. தையல் தெரியாது, ஆனால் தாளில் வரைந்தால் பிரிந்துவிடும். ஆகவே கையேட்டைக் கடைசியில் திறங்கள்.

பெயர்களின் எழுத்துக்கூட்டலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் இவற்றை ஆங்கில உச்சரிப்பு வழியாகவும் கிரேக்க உச்சரிப்பு வழியாகவும் எழுதுகிறார்கள். அகமெம்னன், அகமெம்னான், அகமெம்னோன் எல்லாம் ஒருவனே. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். நான் காதுக்குப் பழகியதை வைத்துக்கொண்டிருக்கிறேன், இலக்கணம் பார்க்கவில்லை.

2. நடுவில் அகமெம்னன், பக்கத்தில் தமிழ் உறவுச் சொல்

உச்சியிலிருந்து தொடங்காதீர்கள். தாளின் நடுவில் அகமெம்னன். வலப்பக்கம் தம்பி மெனெலாஸ். இந்த இருவரிடமிருந்து மேலே ஏறவும் வேண்டும், கீழே இறங்கவும் வேண்டும்.

ஹோமர் அகமெம்னனைப் பல இடங்களில் பெயர் சொல்லாமல் ‘அட்ரெய்டெஸ்’ என்பார். ‘அட்ரியஸின் மகன்’ என்று பொருள். கிரேக்கப் பெயரின் கடைசியில் ‘இடெஸ்’ வந்தால் அது பெரும்பாலும் தந்தை பெயர் அல்லது முன்னோர் பெயர். வாலை வெட்டிவிட்டுப் பாருங்கள், உள்ளே இன்னொரு ஆள் இருப்பான். எச்சரிக்கை: முன்னோர் எத்தனை தலைமுறைக்கு முந்தியவர் என்பதை வால் சொல்லாது. ஹெரோடோட்டஸின் வரலாற்றில் ஒரு ஸ்பார்ட்டத் தூதன் அகமெம்னனை ‘பெலோபிடெஸ்’ என்கிறான். அங்கே அவன் பேரன்தான், மகன் இல்லை. பெண்களுக்கு வால் வேறு: டிண்டாரியஸின் மகள் ‘டிண்டாரிஸ்’.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்தைப் படித்தால் பெரியப்பா மகன், மாமா மகன், சித்தி மகன் எல்லோரும் ஒரே சொல்லுக்குள் அடைந்துவிடுவார்கள். யார் யாரை ஏன் கொன்றார்கள் என்பதே அந்தச் சொல்லில் மங்கிவிடுகிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ‘அகமெம்னனுக்கு என்ன முறை’ என்று தமிழில் எழுதுங்கள். அவனைக் கொன்ற ஏஜிஸ்தஸ் அவனுடைய சித்தப்பா மகன், அதாவது பங்காளி. பங்காளி என்று எழுதிய கணத்திலேயே இது எதைப் பற்றிய சண்டை என்பது புரிந்துவிடும். (அட்ரியஸ் மூத்தவன், தையெஸ்டெஸ் இளையவன் என்று கொண்டால் சித்தப்பா. வயது வரிசையைப் புரட்டினாலும் பங்காளி பங்காளிதான்.)

3. செங்கோலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள்

இலியட்டின் இரண்டாம் காண்டத்தில் அகமெம்னன் சபையில் எழுந்து நிற்கிறான், கையில் செங்கோல். அந்தச் செங்கோல் கைமாறி வந்த கதையை ஹோமர் சில வரிகளில் சொல்கிறார். தேவர்களின் கொல்லன் ஹெஃபாய்ஸ்டஸ் செய்தான், சீயஸிடம் கொடுத்தான். சீயஸ் தேவர்களின் தூதன் ஹெர்மிஸிடம், ஹெர்மிஸ் பெலாப்ஸிடம், பெலாப்ஸ் அட்ரியஸிடம். அட்ரியஸ் சாகும்போது அதைத் தையெஸ்டெஸுக்கு விட்டுச் சென்றான். தையெஸ்டெஸ் அகமெம்னனுக்கு விட்டுச் சென்றான்.

இதை அப்படியே நகலெடுத்துத் தாளில் போடுங்கள், எல்லாக் கோட்டிலும் ‘ஹோ’. அகமெம்னனுக்கு மேலே தையெஸ்டெஸும் அட்ரியஸும், அவர்களுக்கு மேலே பெலாப்ஸ். அவ்வளவுதான் முதுகெலும்பு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் வரும் எல்லா நூல்களிலும் அட்ரியஸும் தையெஸ்டெஸும் ஜென்ம விரோதிகள். இந்த வரிகளிலோ அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான், தம்பி அண்ணன் மகனுக்குக் கொடுத்தான், சத்தமில்லாத பாகப்பிரிவினை. ஹோமருக்குப் பகை தெரியாதா, தெரிந்தும் தலைவனின் மானம் காக்க மறைத்தாரா? பழங்காலத்திலேயே இதை விவாதித்திருக்கிறார்கள். தையெஸ்டெஸுக்கு மட்டும் ஹோமர் ‘ஆடுகள் மிகுந்த’ என்று ஒரு அடைமொழி கொடுக்கிறார். ஐந்தாம் படியில் ஒரு ஆட்டுக்குட்டி வரும். அப்போது இந்த அடைமொழியை நினைத்துக்கொள்ளுங்கள். மறைத்தார் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன்.

ஒரு சிறிய சிக்கலைப் பென்சிலால் லேசாகக் குறித்துவையுங்கள். ஹெசியோடின் பெயரில் வழங்கிய பழைய பெண்கள் பட்டியல் முதல் அப்போலோடோரஸ் வரை சிலர், அகமெம்னனின் தகப்பன் அட்ரியஸ் இல்லை, பிளெய்ஸ்தெனிஸ் என்கிறார்கள். இந்த பிளெய்ஸ்தெனிஸ் அட்ரியஸின் மகன். அப்படியானால் அட்ரியஸ் தாத்தா ஆகிறான். மகன் இளமையிலேயே இறந்துவிட்டான், பேரன்களைத் தாத்தா வளர்த்தார், அதனால் அவர் மகன்கள் என்று பெயர் வந்தது என ஒட்டுப் போட்ட விளக்கமும் பழைய உரைகளில் உண்டு. புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டு நகருங்கள். பிளெய்ஸ்தெனிஸைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கதை என்று ஒன்றுமில்லை.

4. பெலாப்ஸிலிருந்து கிளைகள்

பெலாப்ஸ்தான் அடிமரம். தென் கிரேக்கத்துக்கே ‘பெலோபொன்னீஸ்’, ‘பெலாப்ஸின் தீவு’ என்று பெயர். ஆனால் அவன் அந்த மண்ணுக்காரன் இல்லை. ஆசியாவிலிருந்து, இன்றைய துருக்கியில் இருக்கும் சிபிலஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்தவன். பெருஞ்செல்வத்தோடு வந்ததால்தான் வந்தேறியாக இருந்தும் நாட்டுக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தான் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் நிதானமாகக் கணக்குச் சொல்கிறார். இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது ரத்தத்தைவிடப் பணத்தையும் அதிகாரத்தையும் பெரிதாகப் பேசியவர் அவர்.

அவனுக்கு மேலே தகப்பன் டாண்டலஸ், அவனுக்கு மேலே சீயஸ். டாண்டலஸ் தேவர்களோடு ஒரே பந்தியில் உண்டவன். அவர்களைச் சோதிக்கத் தன் மகன் பெலாப்ஸையே வெட்டிச் சமைத்துப் பரிமாறினான் என்பது பரவலான கதை. பயிர்த் தேவி டெமீட்டர் மட்டும் மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் கவனிக்காமல் தோளைத் தின்றுவிட்டாளாம். தேவர்கள் பிள்ளையை உயிர்ப்பித்து, தின்ற இடத்தில் தந்தத் தோள் வைத்தார்கள். ஒடிசியின் 11ஆம் காண்டத்தில் டாண்டலஸ் பாதாளத்தில் நிற்கிறான்: மோவாய் வரை தண்ணீர், குனிந்தால் வற்றிவிடும்; தலைக்கு மேல் பழங்கள், கை நீட்டினால் காற்று அள்ளிக்கொண்டு போகும். தண்டனையை இவ்வளவு விரிவாகச் சொல்லும் ஹோமர் குற்றத்தைச் சொல்வதில்லை. ஆகவே தண்டனைக்கு ‘ஹோ’ போடலாம், பிள்ளைக்கறிக்குப் போட முடியாது.

பிண்டார் ஒருபடி மேலே போய் அந்தக் கதையையே மறுக்கிறார். கி.மு. 476இல் சிரக்கூசின் ஆட்சியாளன் ஹியரோனின் குதிரை ஒலிம்பியாவில் வென்றபோது பாடிய பாட்டில், பிள்ளையைச் சமைத்தது பொறாமை பிடித்த அண்டைவீட்டுக்காரர்கள் கிசுகிசுத்த பொய் என்கிறார். கடல் தேவன் பொசைடன் அந்த அழகனைத் தூக்கிக்கொண்டு போனான், ஆளைக் காணோம், உடனே அக்கம்பக்கம் கதை கட்டிவிட்டது! அதே பாட்டில் பெலாப்ஸ் தேர்ப்போட்டியில் வெல்வது பொசைடன் தந்த சிறகுக் குதிரைகளால்.

மற்றவர்கள் சொல்லும் தேர்ப்போட்டி இவ்வளவு சுத்தமாக இல்லை. பீசாவின் மன்னன் ஈனோமாஸ், மகள் ஹிப்போடமியாவைக் கேட்டு வருகிறவர்களைத் தேரோட்டத்துக்கு அழைத்து, துரத்திப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தான். மன்னனின் தேரோட்டி மிர்டிலஸ் ஹெர்மிஸின் மகன். அவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு தேரின் கடையாணியைக் கெடுக்கிறார்கள். மெழுகு ஆணி வைத்தான் என்றும் ஒரு சொல் உண்டு. ஈனோமாஸ் தேரிலிருந்து விழுந்து சாகிறான். வேலை முடிந்ததும் பெலாப்ஸ் மிர்டிலஸைக் கடலில் தள்ளிவிடுகிறான். விழும்போது அவன் பெலாப்ஸின் குலத்தையே சபிக்கிறான். ‘குடும்பச் சாபம்’ என்று எங்காவது படித்தால், எந்தச் சாபம் என்று கேளுங்கள். டாண்டலஸின் பாவமா, மிர்டிலஸின் சாபமா, பின்னால் தையெஸ்டெஸ் இட்ட சாபமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஈஸ்கிலஸுக்குத் தையெஸ்டெஸின் சாபம் போதும். சோஃபோக்ளிஸின் எலெக்ட்ரா நாடகம் மிர்டிலஸ் விழுந்த நாளைச் சொல்லி அழுகிறது. ஹோமரில் குலச்சாபமே இல்லை.

இனிக் கிளைகள். பெலாப்ஸின் தங்கையோ அக்காவோ நியோபி, பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசி அத்தனை பேரையும் இழந்து கல்லானவள். (ஹோமரில் 6 மகன், 6 மகள், அப்போலோடோரஸ் 7, 7 என்று எண்ணுகிறார்.) ஒரு மகன் பித்தியஸ், அவன் மகள் ஈத்ரா, அவள் மகன் தீசியஸ். ஆக, ஏதென்ஸின் தீசியஸ் பெலாப்ஸின் கொள்ளுப்பேரன். பெலாப்ஸின் மகள் ஒருத்தி மைசீனியில் பெர்சியஸ் வம்சத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் யூரிஸ்தியஸ், ஹெராக்ளிஸுக்குப் பன்னிரண்டு வேலைகளை ஏவியவன். இந்தக் கோட்டை அழுத்திப் போடுங்கள், மைசீனி கைமாறியது இதன் வழியாகத்தான். யூரிஸ்தியஸ் போருக்குப் போகும்போது ஊரைத் தாய்மாமன் அட்ரியஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான், திரும்பி வரவில்லை, தாய்மாமன் அரியணையில் உட்கார்ந்துவிட்டான் என்கிறார் துசிடிடிஸ்.

அட்ரியஸ் அப்போது மைசீனியில் என்ன செய்துகொண்டிருந்தான்? தகப்பனிடமிருந்து தப்பி வந்திருந்தான். பெலாப்ஸுக்கு வேறொருத்தியிடம் பிறந்த செல்லப்பிள்ளை கிரைசிப்பஸ். அவனைத் தீப்ஸின் லாயஸ், அதாவது ஈடிபஸின் தகப்பன், ஒருமுறை கடத்திக்கொண்டு போனான். பிறகு அந்தப் பிள்ளையை அட்ரியஸும் தையெஸ்டெஸும், தாய் ஹிப்போடமியாவின் தூண்டுதலில், கொன்றார்கள் என்று ஒரு வழக்கு. கிரைசிப்பஸ் பக்கத்தில் ‘தீப்ஸ்’ என்று எழுதி ஒரு அம்புக்குறி போட்டு விட்டுவிடுங்கள். ஈடிபஸ் குடும்பத்துக்குத் தனித் தாள் வேண்டும்.

5. ஆட்டுக்குட்டியும் விருந்தும்

இரு சகோதரர்கள், ஒரு அரியணை. தன் மந்தையில் சிறந்ததை வேட்டைத் தேவி ஆர்டெமிஸுக்குப் பலியிடுவதாக வேண்டிக்கொண்ட அட்ரியஸ், பொன்மயிர் ஆட்டுக்குட்டி ஒன்று பிறந்ததும் மனம் மாறி அதைப் பெட்டியில் பூட்டிவிட்டான். பொன் ஆட்டுக்குட்டி யாரிடம் இருக்கிறதோ அவனே அரசன் என்று முடிவானது. அதற்குள் அட்ரியஸின் மனைவி ஏரோபி, தன் கள்ளக் காதலனான கொழுந்தன் தையெஸ்டெஸுக்கு அதை எடுத்துக் கொடுத்திருந்தாள். சீயஸ் தலையிட்டு, சூரியன் கிழக்கே மறைந்தால் அரசு அட்ரியஸுக்கு என்று பேச வைத்தான். சூரியன் கிழக்கே மறைந்தது.

பிறகு, சமாதானம் என்று சொல்லித் தம்பியை விருந்துக்கு அழைத்தான் அட்ரியஸ். இலையில் விழுந்தது தம்பியின் பிள்ளைகள். உண்டு முடித்தபின் தலையையும் கைகால்களையும் காட்டினான். டாண்டலஸ் செய்ததையே பேரன் செய்கிறான். ஆனால் இந்த முறை உயிர்ப்பிக்கத் தேவர்கள் யாரும் பந்தியில் இல்லை.

தப்பிய மகன் ஏஜிஸ்தஸ். இங்கே உங்கள் ரப்பர் தேவைப்படும். ஈஸ்கிலஸ் நாடகத்தில் அவன் தகப்பனோடு சேர்த்து விரட்டப்பட்ட கைக்குழந்தை. பிற்கால வழக்கில், பழிவாங்க ஒரு பிள்ளை வேண்டும் என்ற வாக்கின்படி தையெஸ்டெஸ் தன் சொந்த மகள் பெலோபியாவிடம் பெற்றவன். காட்டில் விடப்பட்டு ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவன். கிரேக்கத்தில் ஆட்டுக்குரிய சொல் ‘ஐக்ஸ்’, பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். அட்ரியஸ் விவரம் அறியாமல் பெலோபியாவை மணந்து, அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தான், கடைசியில் அவன் கையாலேயே செத்தான் என்கிறது லத்தீனில் எழுதிய ஹைஜினஸின் தொகுப்பு. இந்தக் கணக்கில் ஏஜிஸ்தஸ் அகமெம்னனுக்குப் பங்காளி மட்டும் அல்ல, ஒரே வீட்டில் வளர்ந்த தம்பியும்கூட. இரண்டு ஏஜிஸ்தஸ்களையும் தாளில் வரையுங்கள், வெவ்வேறு எழுத்தோடு. ஒன்றாக்கப் பார்த்தால் நான் முதல் முறை சுருட்டி எறிந்ததுபோல் எறிய வேண்டி வரும்.

6. தாய் வழி

இதைப் பலரும் வரைவதே இல்லை. ஏரோபி, கிரீட் மன்னன் காட்ரியஸின் மகள். காட்ரியஸின் தகப்பன் மைனாஸ். ஆக அகமெம்னன், காளைத்தலை மனிதனான மினோட்டாரை அடைத்துவைத்த மைனாஸின் கொள்ளுப்பேரன். டிராய் இளவரசன் பாரிஸ், மெனெலாஸின் மனைவி ஹெலனைக் கொண்டுபோக ஸ்பார்ட்டாவுக்கு வந்த சமயம் மெனெலாஸ் ஏன் வீட்டில் இல்லை என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? தாத்தா காட்ரியஸின் ஈமச்சடங்குக்குக் கிரீட் போயிருந்தான். தாய்வழித் தாத்தாவைத் தாளில் எழுதாதவர்களுக்கு இந்த விடை கிடைக்காது.

7. மனைவி வீடு

ஸ்பார்ட்டா மன்னன் டிண்டாரியஸ், மனைவி லீடா. மகள்கள் கிளைட்டெம்னெஸ்ட்ரா, ஹெலன். ஹெலனுக்கு உண்மையான தகப்பன் சீயஸ் என்பதால் அவளுக்கு இரண்டு கோடுகள். அகமெம்னன் ஒருத்தியையும் மெனெலாஸ் ஒருத்தியையும் மணக்க, உடன்பிறந்தவர்களே சகலைகளும் ஆனார்கள். தம்பி மனைவியை மீட்க அண்ணன் ஏன் ஆயிரம் கப்பல் திரட்டினான் என்பதற்கு இந்த இரட்டை முடிச்சு ஒரு பாதி விடை.

யூரிப்பிடிஸின் ‘ஆலிஸில் இஃபிஜினியா’ கி.மு. 405 வாக்கில், அவர் இறந்தபின் மேடையேறியது. அதில் கிளைட்டெம்னெஸ்ட்ரா கணவனின் முகத்துக்கு நேரே சொல்கிறாள்: என் முதல் கணவன் டாண்டலஸைக் கொன்று, என் மடியிலிருந்த குழந்தையைத் தரையில் அடித்துக் கொன்று, என்னைப் பலவந்தமாக மணந்தாய். இந்த டாண்டலஸ் யார்? அப்போலோடோரஸின்படி தையெஸ்டெஸின் மகன், அதாவது இன்னொரு பங்காளி. ஆனால் செனெகாவின் லத்தீன் நாடகத்தில் டாண்டலஸ் என்ற தையெஸ்டெஸின் மகன் விருந்தில் கறியாகிவிட்டவன். நியோபியின் மகன்களிலும் ஒரு டாண்டலஸ் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது கிரேக்க வழக்கம். ‘பேரன்’ என்ற சொல்லுக்குள்ளேயே பெயரை வைத்திருக்கும் நமக்கு இதில் வியப்பு இருக்காது. 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிடுங்கள்.

போரிலிருந்து திரும்பிய அகமெம்னனைக் கொன்றதில் ஏஜிஸ்தஸோடு கிளைட்டெம்னெஸ்ட்ராவுக்கும் பங்கு உண்டு. ஆனால் கொலைக்கு முன் கொலைகாரியின் குறைகளைக் கேட்கும் வழக்கம் பிற்பாடு வந்தது. ஒடிசியில் முதிய மன்னன் நெஸ்டர் சொல்வதே வேறு: ஏஜிஸ்தஸின் ஆசைக்கு இணங்க அவள் முதலில் மறுத்தாள், நல்ல மனம் படைத்தவள், அவளுக்குக் காவலாக அகமெம்னன் ஒரு பாடகனை விட்டுப் போயிருந்தான், ஏஜிஸ்தஸ் அந்தப் பாடகனை ஆளில்லாத தீவில் கொண்டுபோய் விட்டபின்தான் அவள் இசைந்தாள். மனைவிக்குக் காவலாகப் பாடகன்! பாட்டுக்காரரான ஹோமர் தன் தொழிலுக்கு எழுதிக்கொண்ட சான்றிதழ் என்று எனக்குத் தோன்றும்.

கொன்றது யார் என்பதற்கும் எழுத்துப் போட வேண்டும். ஒடிசியில் திட்டம் ஏஜிஸ்தஸுடையது. விருந்தில், தொட்டியில் தீனி தின்னும் மாட்டை வெட்டுவதுபோல் வெட்டினான். கூட்டுச்சதியில் அவளுக்கும் பங்கு உண்டு, டிராயிலிருந்து கொண்டுவரப்பட்ட கஸாண்ட்ராவை அவள் கொல்கிறாள். ஈஸ்கிலஸில் குளியல் தொட்டி, வலைபோல் சுற்றிய துணி, வெட்டு மூன்றும் அவளுடையவை. ஏஜிஸ்தஸ் எல்லாம் முடிந்தபின் வந்து நெஞ்சை நிமிர்த்துகிறான்.

8. பிள்ளைகள்

இலியட்டின் ஒன்பதாம் காண்டத்தில், கோபித்து ஒதுங்கிய பெருவீரன் அகிலிஸைச் சமாதானப்படுத்த அகமெம்னன் தன் மகள்களில் ஒருத்தியைத் தருவதாகச் சொல்கிறான்: கிரைசோதெமிஸ், லாவோடிசி, இஃபியானஸ்ஸா. மகன் ஒரெஸ்டெஸ். எலெக்ட்ரா இல்லை. இஃபிஜினியா இல்லை. டிராய்க்குக் கப்பல் ஓடக் காற்று வேண்டி ஆலிஸ் துறைமுகத்தில் மகள் இஃபிஜினியாவைப் பலியிட்டதைப் பற்றி ஹோமர் ஒரு சொல் சொல்வதில்லை.

இஃபியானஸ்ஸாதான் இஃபிஜினியாவா? அப்படியென்றால் போரின் பத்தாம் ஆண்டில் அவள் உயிரோடு இருக்கிறாள். இருவரும் வேறு வேறு என்று வைத்து நான்கு மகள்களாக எண்ணிய பழங்கவிதையும் உண்டு. சோஃபோக்ளிஸும் இஃபியானஸ்ஸாவை உயிரோடுதான் குறிப்பிடுகிறார். லாவோடிசியே எலெக்ட்ரா, மணமாகாமல் நாள் கடந்ததால் ‘படுக்கையற்றவள்’ என்ற பொருளில் அப்படி அழைத்தார்கள் என்று பழைய சொல்விளக்கம் ஒன்று சொல்கிறது. விளக்கம் கொஞ்சம் இழுவைதான். பலியான மகளுக்கு முடிவும் இரண்டு: ஈஸ்கிலஸில் அவள் பலியாகிறாள், யூரிப்பிடிஸின் இன்னொரு நாடகத்தில் ஆர்டெமிஸ் கடைசி நொடியில் மானை மாற்றிவைத்து, அவளைக் கருங்கடல் ஓரத்து டாரிஸ் நாட்டில் பூசாரியாக்குகிறாள்.

ஒரெஸ்டெஸ், தகப்பன் கொலையுண்ட எட்டாம் ஆண்டில் திரும்பி வந்து பழிவாங்கினான் என்பது ஹோமர். தாயைக் கொன்றதற்கு ஏதென்ஸின் அரியோபாகஸ் குன்றில் விசாரணை, வாக்குகள் சமம், தேவி அத்தீனாவின் வாக்கால் விடுதலை என்பது ஈஸ்கிலஸ். இரண்டுக்கும் இடையில் எத்தனை தூரம் என்று பாருங்கள்: முன்னதில் அது ஒரு மகனின் கடமை, ஊர் மெச்சுகிறது. பின்னதில் அதற்கு ஒரு நீதிமன்றமே கட்ட வேண்டியிருக்கிறது.

9. கீழே இன்னும் இரண்டு திருமணங்கள்

எலெக்ட்ரா, ஒரெஸ்டெஸின் நண்பன் பைலடிஸை மணக்கிறாள். பைலடிஸின் தாய் அனக்ஸிபியா, அகமெம்னனின் தங்கை என்கிறார் பௌசானியாஸ். அதாவது எலெக்ட்ராவுக்கு அத்தை மகன், அசல் முறைமாப்பிள்ளை.

ஒரெஸ்டெஸ் மணந்தது ஹெர்மியோனியை. அவள் தகப்பன் மெனெலாஸ் அவனுக்குச் சித்தப்பா. அவள் தாய் ஹெலன் அவன் தாயின் உடன்பிறந்தவள். எந்தப் பக்கம் எண்ணினாலும் நம் கணக்கில் தங்கை முறை. கிரேக்கர்களுக்கு அது உறுத்தவில்லை. ஏதென்ஸில் அண்ணன் தம்பி பிள்ளைகள் மணந்துகொள்வது சகஜம், சொத்து வெளியே போகாது. இவர்களுடைய மகன் டிசாமினஸ் காலத்தில் ஹெராக்ளிஸின் வழித்தோன்றல்கள் வந்து நாட்டைப் பிடித்தார்கள். ஒரெஸ்டெஸுக்கு ஏஜிஸ்தஸின் மகள் எரிகோனியிடம் பென்திலஸ் என்று இன்னொரு மகன் உண்டு. லெஸ்பாஸ் தீவின் மிட்டிலீனி நகரில் பிற்காலத்தில் ஆண்ட பென்திலிட் குடும்பத்தார் அவன் வழி வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ‘இடெஸ்’ வாலை இங்கேயும் அடையாளம் கண்டிருப்பீர்கள்.

10. ஊர்களை வேறு நிறத்தில்

கடைசி வேலை: ஒவ்வொருவர் அகமெம்னனை எந்த ஊரில் வைக்கிறார் என்று வண்ணப் பென்சிலால் குறிப்பது. ஹோமருக்கு மைசீனி. ஈஸ்கிலஸுக்கு ஆர்காஸ். பிண்டாருக்கு ஸ்பார்ட்டாவை ஒட்டிய அமிக்லை. இது கவிஞர்களின் கவனக்குறைவு அல்ல. ஈஸ்கிலஸ் எழுதிய காலத்தில் ஏதென்ஸுக்கு ஆர்காஸோடு புதிய கூட்டணி. நாடகத்துக்குள்ளேயே அதற்கு வாழ்த்து இருக்கிறது. ஸ்பார்ட்டாவோ இந்தக் குடும்பத்தின் எலும்பையே தேடி எடுத்தது. ஒரெஸ்டெஸின் எலும்பு கிடைத்தால்தான் பகை ஊரான டெஜியாவை வெல்லலாம் என்று குறிசொல்ல, ஒரு டெஜியக் கொல்லன் கிணறு தோண்டியபோது ஏழு முழப் பெட்டியைக் கண்ட செய்தியை லிகாஸ் என்ற ஸ்பார்ட்டன் கேட்டு, எலும்பைத் தன் ஊருக்குக் கடத்தினான் என்று எழுதுகிறார் ஹெரோடோட்டஸ்.

மைசீனிக்குப் போகிறவர்கள் ‘அட்ரியஸின் கருவூலம்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்ப்பார்கள். அது கருவூலமும் அல்ல, அட்ரியஸ் கட்டியதற்குச் சான்றும் இல்லை, கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தேன்கூடு வடிவக் கல்லறை. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘அகமெம்னனின் முகமூடி’, 1876இல் ஹைன்ரிக் ஷ்லீமன் தோண்டி எடுத்த தங்கத் தகடு. கி.மு. 16ஆம் நூற்றாண்டினது. டிராய் வீழ்ந்ததாகப் பழங்கிரேக்க அறிஞர் எரடாஸ்தெனிஸ் கணக்கிட்ட ஆண்டு கி.மு. 1184. முகமூடியை உங்கள் தாளில் ஒட்டாதீர்கள், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடிக்கும். பெலாப்ஸைப் பார்க்க வேண்டுமானால் ஒலிம்பியா அருங்காட்சியகம். சீயஸ் கோயிலின் கிழக்கு முகப்புச் சிற்பத்தில் அவனும் ஈனோமாஸும் தேர் கிளம்புவதற்கு முன் நின்றுகொண்டிருக்கிறார்கள், நடுவில் சீயஸ்.

மூன்றாம் படியில் பிடித்து ஏறிய செங்கோலுக்கும் ஒரு ஊர் உண்டு. பியோஷியாவில் கெரோனியா மக்கள் எல்லாத் தேவர்களையும்விட அதைத்தான் அதிகம் வணங்கினார்கள், ‘ஈட்டி’ என்று அழைத்தார்கள் என்கிறார் பௌசானியாஸ். அதற்குக் கோயில் கிடையாது. அந்தந்த ஆண்டுப் பூசாரியின் வீட்டில் இருக்கும். பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் தினமும் இறைச்சியும் பணியாரங்களும் படைத்தார்களாம். தாளில் அந்தச் செங்கோல் கோட்டின் கீழ் நுனியில் ‘கெரோனியா, பௌ’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.